பட்டியல் இல்லாத நூலகம்: சமூக வலைத்தளங்களும் எமது ஆவணங்களும் குறித்துச் சில குறிப்புகள்

அண்மைக்காலமாக எமது புகலிடச் சூழலில் ஒரு வாதம் மிக இலகுவாக முன்வைக்கப்பட்டு வருகிறது. நூலகம் என்பது இனிக் கட்டடம் அல்ல; நூலகர் என்பவர் தேவையற்ற இடைத்தரகர்; பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் ரெலிகிராமும் கைக்கு வந்துவிட்ட பிறகு எம்மிடமிருக்கும் பழைய சஞ்சிகைகளை ஸ்கான் செய்து 'போட்டுவிட்டால்' போதும், வேண்டியவர் எடுத்துக்கொள்வார் என்பதே அந்த வாதம். இதைச் சொல்பவர்கள் நூல்களில் அக்கறையற்றவர்கள் அல்லர். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கைக்காசைச் செலவழித்துச் சஞ்சிகை நடத்தியவர்களும், பனியில் நின்று அவற்றை விற்றவர்களும் இவர்களுக்குள் இருக்கிறார்கள். ஆகவேதான் இந்த வாதத்தைச் சும்மா விட்டுவிட முடியாதிருக்கிறது.

நான் புஜைராவில் ஒரு பாடசாலை நூலகத்தில் உதவியாளராக வேலை செய்கிறேன். புத்தகத்தின் முதுகில் இலக்கம் ஒட்டுவது, கிழிந்த பக்கத்தைச் சீராக்குவது, திரும்பி வராத புத்தகங்களுக்குக் கடிதம் எழுதுவது என் தொழில். புதிய கருவிகளைக் கண்டு மிரளுகிற பழமைவாதி என்று என்னை யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த கருவிகளில் அநேகமானவற்றைப் பாடசாலை விட்ட பின்னான மாலைகளில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். எனது விமர்சனம் அந்த அனுபவத்திலிருந்தே எழுகிறது.

இந்த உற்சாகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2005 இல் அமெரிக்க நூலகரான மைக்கல் கேசி 'நூலகம் 2.0' என்ற தொடரைப் புழக்கத்துக்கு விட்டார். அடுத்த ஆண்டு வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரப் பொது நூலகத்தில் ஹெலன் புளோவர்ஸ் என்பவர் ஊழியர்களுக்காக ஒரு பயிற்சியைத் தொடங்கினார். 'இருபத்து மூன்று விடயங்கள்' என்று அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. வகுப்பு இல்லை, ஆசிரியர் இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் ஒரு வலைப்பதிவு தொடங்க வேண்டும், பிளிக்கரில் படம் ஏற்ற வேண்டும், லைப்ரரிதிங்கில் தன் புத்தகங்களை அடுக்க வேண்டும், டெலிசியசில் சுட்டிகளுக்குக் குறிச்சொல் போட வேண்டும், விக்கியில் எழுதிப் பார்க்க வேண்டும், யூரியூப்பில் தேட வேண்டும். முடித்தவர்களுக்கு ஓர் எம்பி3 கருவி பரிசு. இத்திட்டத்தை உலகெங்கும் நூற்றுக்கணக்கான நூலகங்கள் பிரதி பண்ணின. நான் அதைத் தனியே, பரிசு தருவதற்கு ஒருவரும் இல்லாமல், சில ஆண்டுகள் பிந்திச் செய்து முடித்தேன்.

நல்ல பயிற்சிதான். நூலக உதவியாளர் என்றால் சொன்னதைச் செய்பவர் என்றிருந்த நிலையில், 'தொட்டுப் பார், உடைந்தால் உடையட்டும்' என்று சொன்னது சிறிய விடயமல்ல. ஆனால் அந்த இருபத்து மூன்றையும் இன்று மீண்டும் எடுத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. டெலிசியசை 2005 இல் யாகூ வாங்கியது, 2011 இல் விற்றது, கைமாறிக் கைமாறி 2017 இல் அது வாசிக்க மட்டுமான ஒரு சடலமாயிற்று. செய்தியோடைகளைப் படிப்பதற்கு நாம் எல்லோரும் போய்ச் சேர்ந்த கூகிள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. பிளிக்கர் 2019 இல் இலவசக் கணக்குகளுக்கு ஆயிரம் படங்கள் என்று எல்லை போட்டது. அதிலும் வேடிக்கை என்னவென்றால், இன்று எம்மவர் நூலகத்துக்கு மாற்றீடாகக் காட்டும் பேஸ்புக் அந்த முதற் பட்டியலில் இருக்கவேயில்லை. அது எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டதே 2006 செப்ரெம்பரில்தான். அதாவது, எதைக் கற்றுக்கொண்டால் எதிர்காலத்துக்குள் நுழையலாம் என்று நூலக ஊழியர்களுக்குச் சொல்லப்பட்டதோ அதில் கணிசமான பகுதி பத்து ஆண்டுகள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. எதிர்காலமோ பட்டியலுக்கு வெளியே நின்றது.

கருவிகள் சாகும் என்பது என் குறை அல்ல. தட்டச்சுப் பொறியும் செத்தது, றோணியோவும் செத்தது. றோணியோ செத்தபோது அதில் அடித்த இதழ்களையும் கூடவே கொண்டுபோகவில்லை என்பதுதான் வித்தியாசம்.

இந்த இடத்தில் எங்கள் சீர்காழிக்காரர் ஒருவரை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் பயிற்சிக்காக லண்டன் போயிருந்தபோது அங்கே ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். துளையிட்ட தகடுகளும் சில திருகாணிகளும். அவற்றை மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒரு பாலம், ஒரு வண்டி, ஒரு பாரந்தூக்கி. அறிவுத்துறைகளையும் இப்படித் துண்டுகளாக்கிப் பூட்டினால் என்ன என்ற எண்ணம் அவருக்கு அங்கிருந்து கிடைத்தது. 1933 இல் வெளியான கோலன் பகுப்பு முறைக்கு அதுவே வித்து. புதிய சாமானொன்றைத் தொட்டுப் பார்த்த நூலக ஊழியர் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருபவர் அவர்தான். ஆனால் அவர் சென்னை நூலகத்தை மெக்கானோ கொம்பனியிடம் ஒப்படைத்துவிட்டு வரவில்லை. சாமானின் உள்ளே இருந்த யோசனையை எடுத்துக்கொண்டு வந்தார். சாமான் கடையிலேயே இருந்தது.

யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் புதிய கட்டடம் திட்டமிடப்பட்டபோது ஆலோசனைக்கு அழைக்கப்பட்டவரும் இதே ரங்கநாதன்தான். அந்த நூலகம் 1981 மே 31 இரவு எரிக்கப்பட்டதைப் பற்றி இவ்விதழின் வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. ஒன்று மட்டும். 97,000 என்ற எண்ணை எம்மில் எவரும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்புவிப்போம். அந்த 97,000 இல் ஒரு நூறு புத்தகத்தின் பெயரை, ஆசிரியரை, பதிப்பாண்டைச் சொல்லச் சொன்னால்? எரிந்தவை எவை என்பதைவிட எத்தனை என்பதே எமக்கு மனப்பாடமாகி இருக்கிறது. எமது அரசியலுக்கு எண் போதுமானதாக இருந்தது. ஆனால் அங்கே என்ன இருந்தது என்று தேட வெளிக்கிடும் ஒருவருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை.

நூலகவியலாளர் என். செல்வராஜா இதை முன்கூட்டியே புரிந்துகொண்டவர் என்று நான் நினைக்கிறேன். இங்கிலாந்தில் இருந்துகொண்டு அவர் 2002 இலிருந்து வெளியிட்டு வரும் 'நூல்தேட்டம்' தொகுதிகள் ஒவ்வொன்றும் ஆயிரம் ஈழத்துத் தமிழ் நூல்களுக்கான குறிப்புகளைக் கொண்டவை. நூல், ஆசிரியர், பதிப்பகம், ஊர், ஆண்டு, பக்கம், ஒரு சிறு அறிமுகம். இதைப் பற்றி எமது சஞ்சிகைகளில் எழுதப்பட்டவை எல்லாம் 'பாரிய பணி', 'தனிமனித சாதனை' என்ற சம்பிரதாய வாசகங்களோடு நின்றுவிட்டன. அது ஒரு கோட்பாட்டு நிலைப்பாடு என்று எவரும் வாசிக்கவில்லை. புத்தகம் கையில் இல்லாவிட்டாலும் அது இருந்தது என்பதற்கான சாட்சியம் இருந்தாக வேண்டும் என்ற நிலைப்பாடு அது. பின்நவீனத்துவத்தை இறக்குமதி செய்து விவாதிப்பதில் நாம் காட்டிய சுறுசுறுப்பில் கால்வாசியை இதற்குக் காட்டியிருக்கலாம்.

இணையத்துக்கு நாம் வந்த கதையும் இதோடு தொடர்புடையது. தொண்ணூறுகளில் புகலிடச் சஞ்சிகைகள் பல பாமினி எழுத்துருவில் கணினியில் கோர்க்கப்பட்டன. அந்தக் கோப்புகளை இன்று திறந்தால், எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். யுனிகோட்டின் 1991 ஆம் ஆண்டு முதற் பதிப்பிலேயே தமிழ் இருந்தும் நாம் அதற்கு வந்துசேர ஒரு தசாப்தத்துக்கு மேல் எடுத்தது. இலவசம் என்று ஜியோசிற்றீசில் வீடு கட்டியவர்களின் பக்கங்கள் 2009 இல் அதோடு சேர்ந்து இடிக்கப்பட்டன. யாகூ குழுமங்களில் நடந்த வாதப்பிரதிவாதங்கள், அவற்றுள் சில இன்றைக்கும் பெறுமதியானவை, 2019 இற்கும் 2020 இற்கும் இடையில் அழிக்கப்பட்டன. அறிவித்தல் தரப்பட்டது உண்மைதான். அந்த அறிவித்தல் எத்தனை பேருடைய பழைய மின்னஞ்சல் முகவரிக்குப் போயிருக்கும்?

இவற்றுக்கு மத்தியில் இரண்டு முயற்சிகள் தப்பி நிற்கின்றன. ஒன்று, சுவிற்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரத்தின் ஒருங்கிணைப்பில் 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம். மற்றது, 2005 இல் மயூரன், கோபிநாத் முதலிய இளைஞர்களின் முயற்சியால் தொடங்கிய நூலகம் திட்டம். இரண்டும் ஏன் தப்பின? பணத்தாலல்ல, அது ஒருபோதும் போதுமானதாக இருந்ததில்லை. என் கணிப்பில், இரண்டிலும் பட்டியல் முதலிலும் கோப்பு அதன் பின்னுமாக வந்தன என்பதே காரணம்.

நூலகம் திட்டத்தின் இணையத்தளத்தில் ஏதாவதொரு பழைய சஞ்சிகையின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒரு நூலக எண், வெளியீட்டு மாதம், ஆசிரியர், மொழி, பக்கங்கள். அதன் கீழே கோப்பு. அதற்கும் கீழே அந்த இதழின் உள்ளடக்கம், கட்டுரைத் தலைப்பும் எழுதியவர் பெயருமாக வரி வரியாகத் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். பக்கங்கள் வெறும் படங்கள்தான், அவற்றுக்குள் தேட முடியாமல் இருக்கலாம். ஆனால் அந்த உள்ளடக்கப் பட்டியல் எழுத்தாக இருப்பதால், கட்டுரையாளரின் பெயரைத் தேடுகிற ஒருவர் வந்து சேர்ந்துவிடுகிறார். இந்த வரிகளைத் தட்டச்சு செய்தவர்களுக்கு ஒரு 'லைக்'கும் விழுந்திருக்காது. அது இயங்கும் மீடியாவிக்கி மென்பொருளும் ஒரு 2.0 காலத்துக் கருவிதான், விக்கிப்பீடியா இயங்குவதும் அதே மென்பொருளில்தான். ஆனால் அதைச் சொந்தக் கணினியில் நிறுவலாம், முழுவதையும் பிரதி எடுக்கலாம், ஓரிடம் மூடினால் இன்னோரிடத்தில் வைக்கலாம். புதியது, பழையது என்று கருவிகளைப் பிரித்துச் சண்டை பிடிப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

நூலகம் திட்டத்தின் மீதும் எனக்கு விமர்சனம் உண்டு. ஒரே எழுத்தாளரின் பெயர் முதலெழுத்தோடும் இல்லாமலும் வெவ்வேறு விதமாக வருகிறது, ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகப் பாதை எப்போதும் இருப்பதில்லை. எழுத்துணரி மூலம் படங்களை எழுத்தாக்கும் வேலை இன்னும் விரைவாக நடக்கலாம். தமிழ் விக்கிமூலத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூல்கள் இரண்டாயிரத்துக்கு மேல் கூகிள் எழுத்துணரியின் துணையுடன் அப்படி எழுத்தாக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் இவை ஒரு நூலகத்தின் மீது வைக்கக்கூடிய விமர்சனங்கள். ஒரு வட்ஸ்அப் குழுவைப் பார்த்து 'உன்னுடைய ஆசிரியர் பெயர் ஒழுங்காக இல்லை' என்று சொல்ல முடியுமா?

எனது சொந்தப் பரிசோதனைக்கு வருகிறேன். நானும் இங்குள்ள வேறு சிலரும் சேர்ந்து ஓர் இணையக் குழு தொடங்கினோம். எந்தத் தளம் என்பது இங்கு முக்கியமல்ல. துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குபவர், மருந்துக்கடையில் நிற்பவர், கல்பாவிலிருந்து வரும் ஓர் ஆசிரியை, சாரதிகள் இருவர், இலங்கையர் பாதி, இராமநாதபுரம் தஞ்சாவூர்க்காரர் பாதி. தம்மிடமுள்ள புத்தகங்களின் அட்டையைப் படமெடுத்துப் போடுவது, இரவல் கொடுப்பது, நவம்பரில் சார்ஜா புத்தகக் கண்காட்சிக்கு யாராவது போனால் சொல்லிவிடுவது, இவ்வளவுதான் நோக்கம். மலையைக் குடைந்து போகும் நெடுஞ்சாலை 2011 இல் திறந்த பிறகு தூரம் குறைந்துவிட்டது என்றாலும், வெள்ளிக்கிழமை மட்டும் லீவு உள்ளவனுக்குப் புத்தகம் தேடிச் சார்ஜா போவது ஒரு பிரயாணம்தான்.

குழு நன்றாகவே நடந்தது. நான் எதிர்பார்க்காத ஒரு விடயமும் நடந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு சஞ்சிகையின் அட்டையை ஒருவர் போட்டார். ஒரு மணித்தியாலத்துக்குள் இன்னொருவர், அந்த அட்டைப்படம் தன் மைத்துனர் இருந்த அறையில் வைத்துத்தான் வரையப்பட்டது என்றும், அந்த இதழ் இரண்டு தடவை அச்சாகியது என்றும், முதலாவதில் ஒரு கவிதை விடுபட்டது என்றும் எழுதினார். எந்த நூலகரும் ஒரு வருடம் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாத தகவல். சமூக வலைத்தளத்தின் பெறுமதி இதுதான், இதை மறுப்பவர் நேர்மையாகப் பேசவில்லை. பட்டியல் தயாரிப்பவனுக்குத் தெரியாததை வாசகன் அறிந்திருக்கிறான், அவன் வாயைத் திறப்பதற்கு ஒரு திண்ணை வேண்டும்.

மூன்று மாதம் கழித்து இலங்கையிலிருந்து ஆய்வு செய்யும் ஒரு மாணவி அதே சஞ்சிகை பற்றிக் கேட்டாள். குழுவுக்குள் எல்லோரும் அந்த உரையாடலை ஞாபகம் வைத்திருந்தார்கள், ஒருவராலும் எடுத்துக் காட்ட முடியவில்லை. பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் மழை வீடியோக்களுக்கும் கீழே அது போய்விட்டது. தகவல் சொன்னவர் விசா முடிந்து ஊருக்குப் போய்விட்டார். இங்கே சிம் அட்டை எமிரேற்ஸ் அடையாள அட்டையோடு கட்டப்பட்டது. விசா போனால் இலக்கம் போகும், வேறு இலக்கத்துக்கு மாற்றிக்கொள்ளாதவர் கூடவே மறைந்துபோவார். அவரோடு அந்த அறையும், மைத்துனரும், விடுபட்ட கவிதையும் போயாயிற்று. அதற்குப் பிறகு குழுவில் யாராவது இப்படி ஒன்று சொன்னால் நான் அதைத் தனியே ஓர் அட்டவணையில் எழுதிக்கொள்கிறேன்: என்ன இதழ், சொன்னது என்ன, சொன்ன திகதி. குழுவில் இதை 'வாத்தியார் வேலை' என்று பகிடி பண்ணுகிறார்கள். பரவாயில்லை.

பட்டியல் போனால் நூலகம் என்னவாகும் என்பதை உலகத்துக்கே காட்டிய சம்பவம் 2023 ஒக்ரோபரில் லண்டனில் நடந்தது. பிரித்தானிய நூலகத்தின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் பணம் கேட்டார்கள், நூலகம் கொடுக்க மறுத்தது. ஒரு புத்தகம் எரியவில்லை. ஒரு தாள் கிழியவில்லை. கோடிக்கணக்கான ஆவணங்கள் அடுக்குகளில் அப்படியே இருந்தன, கட்டடம் திறந்திருந்தது. ஆனால் பட்டியல் இயங்கவில்லை. எது எங்கே இருக்கிறது என்று தேட முடியாததால் ஆய்வாளர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். தேடக்கூடிய பட்டியல் 2024 ஜனவரி நடுப்பகுதியில் திரும்பி வந்தபோது அதுவே செய்தியாயிற்று. அங்கே சில மாதங்கள் விபத்தாக இருந்த நிலையை நாம் குழுக்களிலும் பிடிஎவ் குவியல்களிலும் இயல்பு நிலையாக்கிக்கொண்டு, அதற்கு 'மக்கள் நூலகம்' என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

இன்னொரு பிரச்சினை இதைவிடச் சிக்கலானது. அதை எவரும் பேச விரும்பவில்லை போலத் தெரிகிறது. 'சுவடுகள்', 'மனிதம்', 'தூண்டில்', 'ஓசை', 'தேடல்' என்று நோர்வேயிலும் சுவிசிலும் ஜேர்மனியிலும் பிரான்சிலும் கனடாவிலும் வந்த இதழ்களைப் புரட்டினால் புனைபெயர்களின் காடு. இலக்கிய அலங்காரத்துக்காக வைத்தவை சில. பயத்தினால் வைத்தவை பல. அந்தப் பயம் கற்பனை அல்ல என்பதற்குச் சபாலிங்கம் போதும். 1994 மே முதலாம் திகதி பாரிசில் தன் வீட்டில் வைத்து அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் காலத்தில் ஒரு புனைபெயர் என்பது எழுதியவருக்கு மட்டுமல்ல, ஊரில் இருந்த அவருடைய தாய்க்கும் தங்கைக்குமான காப்பு.

இப்போது அதே இதழ்களை யாராவது சமூக வலைத்தளத்தில் போடுகிறார்கள். பத்து நிமிடத்தில் கீழே ஒருவர் எழுதுகிறார்: 'இது எங்கட இன்னாரல்லோ, இப்ப இந்த ஊரில கடை வைச்சிருக்கிறார்.' அன்போடுதான் எழுதுகிறார். முப்பது வருடம் கழித்து என்ன பயம் என்று கேட்கலாம். ஆனால் அந்த மனிதர் தன் முகமூடியைக் கழற்றச் சொல்லி எவரிடமும் கேட்கவில்லை. இலங்கையில் 1979 ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒரு தலைமுறை முழுவதும் சிறை கண்டது, 2024 இல் இணையவழிப் பாதுகாப்புச் சட்டமும் வந்து சேர்ந்தது. போக வரத் தேவை உள்ளவர்கள் எத்தனையோ பேர் இன்னும் இருக்கிறார்கள்.

நூலகத் தொழிலில் இதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஆசிரியர் தன்னை எந்தப் பெயரால் வெளிப்படுத்தினாரோ அந்தப் பெயரின் கீழ் பதிவு செய்வது. இயற்பெயர் பகிரங்கமாக அறியப்பட்டிருந்தால் மட்டும் அதிலிருந்து இதற்கு ஒரு வழிகாட்டு அட்டை போடுவது. தெரிந்ததை எல்லாம் எழுதுவதல்ல பட்டியல். எதை இப்போதைக்கு எழுதாமல் விடுவது, எதை ஒரு மூடிய உறையில் இருபது வருடத்துக்கு வைப்பது என்று யோசிப்பதும் அதே தொழிலின் பகுதிதான். பேஸ்புக்கில் மூடிய உறை கிடையாது. அங்கே கேள்வி ஒன்றுதான்: 'உங்கள் மனதில் என்ன இருக்கிறது?' மனதில் இருப்பதை எல்லாம் சொல்லாமல் இருந்ததால்தான் எம்மில் பலர் உயிரோடு இருக்கிறோம்.

இதை வளைகுடாவிலிருந்து எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. புகலிட இலக்கியம், புகலிட அரசியல் என்று பேசும்போது எமது அறிவுஜீவிகளின் வரைபடம் பாரிசில் தொடங்கி ரொறொன்ரோவில் முடிகிறது. ஐக்கிய அரபு எமிரேற்ஸ் 1951 ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கைச்சாத்திடாத நாடு. இங்கே அகதி என்றொரு ஆள் சட்டத்தில் இல்லை, தொழிலாளி மட்டுமே இருக்கிறார். ஊரில் எந்தக் காரணத்துக்காக வெளிக்கிட்டிருந்தாலும் இங்கு வந்து இறங்கியதும் எமது பெயர் கொம்பனியின் விசாவில் எழுதப்பட்டிருப்பதுதான். வேலை முடிந்தால் முப்பது கிலோ பொதியோடு போகவேண்டும். லாச்சப்பலில் ஒரு கடையின் பின்னறையில் நூலகம் வைக்கலாம், ஸ்காபறோவில் ஒரு கீழ்த்தள அறையில் வைக்கலாம். புஜைராவில் நாலு பேர் ஒரு அறையில் கட்டிலுக்குக் கீழே வைப்பதுதான் நூலகம். சங்கம் பதிவது, பணம் சேர்ப்பது எல்லாம் அனுமதி பெற்றுச் செய்யவேண்டியவை. இணையத்தில் ஒரு குழுவைத் திறப்பதற்கு முன்னர்கூட 2021 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க இணையக் குற்றச் சட்டத்தை ஒருமுறை வாசித்துக்கொள்வது நல்லது. எந்த இதழின் எந்தப் பக்கத்தைக் குழுவில் போடலாம் என்று நாங்கள் யோசிப்பது போல ஒஸ்லோவில் இருப்பவர் யோசிக்கத் தேவையில்லை.

ஆகவே மின்வடிவ நூலகம் உங்களுக்கு ஒரு வசதியாக இருக்கலாம். எங்களுக்கு வேறு நூலகமே இல்லை. 2022 ஜூலை இறுதியில் புஜைராவில் பெய்த மழை பலருக்கு ஞாபகமிருக்கும், வாடிகள் நிரம்பி வெள்ளம் தெருவுக்குள் வந்தது. கீழ்த்தள அறையொன்றில் இருந்த எங்கள் நண்பர் ஒருவரின் இரண்டு பெட்டிச் சஞ்சிகைகள் கூழாகிப் போயின. ஒரு பகுதியை அவர் ஏலவே கைபேசியில் படமெடுத்துக் குழுவில் போட்டிருந்தார். அது மிஞ்சியது. மிஞ்சியதைப் பார்த்தபோதுதான் ஸ்கான் செய்பவர்கள் எல்லோரும் செய்கிற ஒன்று கண்ணில் பட்டது. அவர் தனக்குப் பிடித்த கட்டுரைகளையும் கவிதைகளையும் எடுத்திருந்தார். முகவரியும் மாதமும் அச்சகமும் இருக்கும் அந்த ஒரு பக்கத்தை எடுக்கவில்லை. விளம்பரப் பக்கங்களையும் எடுக்கவில்லை. எந்த நகரத்தில் எந்த ஆண்டில் எந்தப் பலசரக்குக் கடையும் எந்தப் பயண முகவரும் அந்த இதழைத் தாங்கினார்கள் என்பது அந்தப் பக்கங்களில்தான் இருந்தது. கட்டுரையை எழுதியவர் திரும்பவும் எழுதலாம். அந்த விளம்பரத்தை இனி யார் எழுதப்போகிறார்?

எனக்கு எதிராகச் சொல்லப்படக்கூடியது எனக்குத் தெரியும். பட்டியல் ஒழுங்காக இருக்கும் இடத்தில் வாசகர் இல்லை, வாசகர் இருக்கும் இடத்தில் பட்டியல் இல்லை, ஆகவே வாசகர் இருக்கும் இடத்துக்குப் போ என்பார்கள். போகத்தான் வேண்டும், நானும் போகிறேன். நூலகத்தின் ஒரு பக்கத்துக்கான இணைப்பைக் குழுவில் போடுகிறேன். கோப்பைப் போடுவதில்லை. இந்தச் சின்ன வித்தியாசத்தை நண்பர்கள் பிடிவாதம் என்கிறார்கள். கோப்பைப் போட்டால் அது தன் பெயரைத் தொலைத்துவிட்டு அலையும். இரண்டாவது கைமாறலிலேயே 'ஸ்கான்001' என்றாகிவிடும். இணைப்பு உடையலாம், அதை மறுக்கவில்லை. இன்ரர்நெற் ஆர்கைவ் போன்ற பெரிய தளமே 2024 ஒக்ரோபரில் தாக்குதலுக்கு உள்ளாகிப் பல நாட்கள் முடங்கிக் கிடந்தது. அதனால்தான் இரண்டு மூன்று இடத்தில் பிரதி வைக்கவேண்டும் என்கிறோம். இலங்கையில் 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் அரசு சமூக வலைத்தளங்களை ஓர் ஆணையில் மூடியதைப் பார்த்த பிறகும், ஒரு சமூகத்தின் ஆவணங்களை அங்கு மட்டும் வைப்போம் என்பவர்களிடம் வாதிடுவதற்கு எனக்கு வேறு எதுவும் இல்லை.

சஞ்சிகை நடத்தியவர்களிடம் எனது வேண்டுகோள் மிகச் சிறியது. பிடிஎவ் பிறகு வரட்டும். உங்கள் இதழ் எத்தனை வந்தது, எந்த மாதங்களில், எந்த ஊரில் அச்சாகியது, எத்தனை பிரதி, எது இரண்டு இலக்கம் சேர்ந்து வந்தது, எது அச்சாகாமலே நின்றது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதை உங்களைத் தவிர வேறு எவராலும் எழுத முடியாது, உங்களுக்கும் வயது போகிறது. புனைபெயர்களை அப்படியே விடுங்கள்.

கடைசியாக, என் மேசையில் ஓர் இதழ் இருக்கிறது. வெள்ளத்தில் தப்பியது. முகப்பும் முதல் நான்கு பக்கமும் கடைசித் தாளும் இல்லை. கையெழுத்தில் எழுதிப் பிரதி எடுத்தது. உள்ளே ஜேர்மனிய அகதி முகாமில் பணத்துக்குப் பதிலாகக் கொடுக்கப்படும் உணவுப் பொதிகள் பற்றி ஒரு கட்டுரை, ஒரு மொழிபெயர்ப்புக் கவிதை, 'வாசகர் களம்' என்ற பகுதியில் சீதனம் பற்றிய காரசாரமான ஒரு கடிதம். பக்க இலக்கங்கள் வட்டத்துக்குள் போடப்பட்டிருக்கின்றன. இதை அடையாளம் காணக்கூடியவர்கள் ஆசிரியர் குழுவுக்கு எழுதினால் அவர்கள் எனக்கு அனுப்பிவைப்பார்கள். எழுதியவர்கள் யார் என்று சொல்ல வேண்டாம். இதழின் பெயரும் ஊரும் மாதமும் போதும்.